கர்ப்பப்பை இறக்கம்: ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 56 வயது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவோரம் உட்கார்ந்து விற்கிறேன். மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். ஏழெட்டு வருஷமாக அடி இறங்கிக்கொண்டே வருகிறது. முதலில் சாயங்காலம் மட்டும் தெரிந்தது. இப்போது எந்நேரமும் வெளியே நிற்கிறது. கையால் உள்ளே தள்ளி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வியாபாரத்துக்குப் போகிறேன். உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. யூரின் முழுசாகப் போவதில்லை. தீபாவளிக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினேன். கர்ப்பப்பையை எடுத்துத் தையல் போட வேண்டும் என்று சொல்லி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். பொங்கலும் முடிந்துவிட்டது, நான் திரும்பப் போகவில்லை. சுகர் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் இடுப்பு போய்விடும், உடம்பு வற்றிவிடும், அப்புறம் கூடையே தூக்க முடியாது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். “இந்த வயசில் எதுக்கு ஆபரேஷன்” என்கிறார். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், தண்ணீர் கீழிருந்துதான் தூக்க வேண்டும். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? செய்தால் எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? மறுபடி இறங்குமா? மகள் எழுதித் தருகிறாள், அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது.
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்:

அன்புள்ள அம்மா,

கர்ப்பப்பை இறக்கம் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. நாளைக்கே ஆபரேஷன் என்று யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் காத்திருக்கக் கூடாதவை. ஒன்று புண், இன்னொன்று யூரின் முழுசாகப் போகாதது.

புண்ணைப் பார்த்ததும் பலருக்கு மனசுக்குள் ‘கேன்சரோ’ என்று ஓடும், வெளியே கேட்க மாட்டார்கள். வெளியே நிற்கும் சதை துணியிலும் தொடையிலும் உரசுவதால்தான் இந்தப் புண் பெரும்பாலும் வருகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். சுகர் இருந்தால் ஆறுவது இன்னும் தாமதமாகும். இறங்கியதை உள்ளே ஏற்றி, மருந்தில் நனைத்த துணிச்சுருளை வைத்து, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் கலந்த கிரீம் தடவி வந்தால் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாமல் அடம் பிடித்தாலோ, பார்வைக்குச் சந்தேகமாக இருந்தாலோ, சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்வார்கள். இதற்கெல்லாம் நீங்கள் போய்ப் படுத்தால்தான் முடியும். துணியை இறுக்கிக் கட்டுவதை இன்றே விட்டுவிடுங்கள், உரசலைக் கூட்டுவது அதுதான். தளர்வான, சுத்தமான பருத்தி உள்ளாடை போதும்.

யூரின் விஷயம் இப்படி. கர்ப்பப்பை இறங்கும்போது அதற்கு முன்னால் இருக்கும் மூத்திரப்பையையும் இழுத்துக்கொண்டு வரும். பை தொங்கிவிட்டால் அடியில் கொஞ்சம் தேங்கிக்கொண்டே இருக்கும். தேங்கினால் கிருமி. பல பெண்கள் விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் யூரின் போகிறார்கள், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முழுதும் வெளியே வந்துவிட்டவர்களுக்குச் சில சமயம் கிட்னியிலிருந்து வரும் குழாய் மடங்கி, கிட்னியே வீங்கிவிடும். வலி இல்லாமலும் இது நடக்கலாம். அன்றைக்கு எழுதிக் கொடுத்த டெஸ்டுகளில் வயிற்று ஸ்கேனும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் இருந்தால் அதற்காகத்தான். அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

இது ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடிவயிற்றில் இருக்கும் தசைகளும் நார்களும் சேலையில் கட்டின தூளி மாதிரி கர்ப்பப்பையை ஏந்தி நிற்கின்றன. ஒவ்வொரு பிரசவத்திலும் அந்தத் துணி இழுபடுகிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு குடம் தூக்கினால் முடிச்சு நெகிழ்கிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து துணியே நைந்துபோகிறது. தீராத இருமல், மலச்சிக்கல், தலைச்சுமை எல்லாம் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால்தான் இறங்கியது என்று எங்கள் ஓபியில் வாரம் தவறாமல் யாராவது சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

“கர்ப்பப்பையைத்தானே எடுக்கிறார்கள், எடுத்தால் தீர்ந்தது” என்று நினைக்கிறவர்களும் இந்தத் தூளியை யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிவிட்டதால் நைந்த துணி சரியாகிவிடாது. எடுத்தபின் மேல் பகுதியை உறுதியான நாரோடு சேர்த்துத் தைத்து, முன்சுவரையும் பின்சுவரையும் இழுத்துத் தைப்பதுதான் உங்களுக்கு முக்கியமான பாதி.

சரி, ஆபரேஷன் இல்லாமல் முடியுமா?

அடித்தசையை இறுக்கிப் பிடிக்கும் உடற்பயிற்சியால் ஆரம்ப நிலை இறக்கத்துக்கு நல்ல பலன் உண்டு. முழுதும் வெளியே வந்ததை அது உள்ளே ஏற்றாது. இன்னொரு வழி வளையம், ‘பெசரி’ என்பார்கள். சிலிக்கானிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது, வளையும். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து நின்று கர்ப்பப்பையைத் தாங்கும். சரியான அளவு அமைந்தால் அது உள்ளே இருப்பதே தெரியாது. அளவு பார்க்கும்போது டாக்டர் உங்களை நடக்க, இருமச் சொல்வார், யூரின் போய்விட்டு வரச் சொல்வார். நழுவி வந்தால் அடுத்த அளவு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கழற்றி, கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துபோனவர்கள் உண்டு. வளையம் சதையோடு சதையாகப் புதைந்துவிடும், எடுப்பதற்குள் படாத பாடு. இதயக் கோளாறு போன்றவற்றால் மயக்க மருந்து தாங்காதவர்களுக்கும், ஆபரேஷனைத் தள்ளிப்போட விரும்புகிறவர்களுக்கும் வளையம் நல்ல வழி. உங்களுக்கு முதலில் புண் ஆற வேண்டும். அதன்பின் கேட்டுப் பாருங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதிகாலை ஏலத்துக்கு ஓடி, சுமை தூக்கி, ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கிடைக்காத உங்களைப் போன்றவர்களுக்கு ஆபரேஷன்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்? வயிற்றைக் கிழிப்பதில்லை. பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, நான் மேலே சொன்ன தையல்களைப் போடுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். குத்தின இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை. சிலருக்கு அடுத்த ஓரிரு நாளில் உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால் குறையும். அப்படி இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

உடம்பும் வற்றாது. உடம்பின் ஹார்மோன் கணக்கைப் பார்ப்பது சினைப்பை, கர்ப்பப்பை இல்லை. அந்தக் கணக்கும் உங்களுக்கு மாதவிலக்கு நின்றபோதே முடிந்திருக்கும். கர்ப்பப்பையை எடுத்ததால் யாரும் இளைத்துப்போனதும் இல்லை, பெருத்துப்போனதும் இல்லை. மூன்று மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டு எடை கூடினவர்களை வேண்டுமானால் பார்த்திருக்கிறேன்.

இளம் வயதில் இறக்கம் வந்து, இன்னும் பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் ஆபரேஷன்கள் இருக்கின்றன. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று, யாராவது பிறப்புறுப்பு வழியாக ‘வலை’ வைத்துத் தைக்கலாம் என்று சொன்னால் நிறைய கேள்வி கேளுங்கள். இறக்கத்துக்காக அந்த வழியாக வைக்கும் செயற்கை வலையின் விற்பனையை அமெரிக்க அரசு 2019-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது. வலை அரித்து வெளியே வருவதும் தீராத வலியும் காரணம்.

இனி சுகர். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மயக்க டாக்டர்கள் சம்மதிப்பார்கள். அதிகமாக இருந்தால் தையல் பிரியவும் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதில் டாபாக்ளிஃப்ளோசின் போல ‘ஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை இருந்தால், அதை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரையை யூரினில் வெளியேற்றும் மாத்திரை அது, அந்த இடத்தில் பூஞ்சை அரிப்பும் தரும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின் வகை மாத்திரையையும் மறக்காமல் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம்.

இருமலைச் சுகருக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர், மணலி காற்றையும் லாரிப் புகையையும் சுவாசிக்கிற நம் பக்கத்துப் பெண்களிடம் ‘இருமல் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். பத்து நிமிஷம் பேசுவதற்குள் நாலு தடவை இருமுவார்கள். ஒவ்வொரு இருமலும் புதுத் தையலைக் கீழ்நோக்கித் தள்ளும். நாள்பட்ட இருமல் இருந்தால் முதலில் நெஞ்சு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஆபரேஷன்.

இப்போது நாள் குறிப்பது. இதைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். ஆபரேஷன் டாக்டரின் வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டில் யார் தண்ணீர் தூக்குவது, யார் அரிசி மூட்டையை நகர்த்துவது, ஏலத்துக்கு யார் போவது என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்க மாட்டார்கள். தையல் நிற்பதும் பிரிவதும் பாதி அதில்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை. ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தது. மூன்றாவது வாரம் தெருவில் தண்ணீர் லாரி வந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. ஆறு குடம் தூக்கியிருக்கிறார். அன்று ராத்திரியே ரத்தப்போக்கு, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. வியாபாரம் எப்படியும் படுத்துவிடும், ஃபைபர் போட்டில் வருகிற கொஞ்ச மீனும் எட்டாத விலைக்குப் போகும். உங்களுக்கு வருமான இழப்பு குறைவாக இருக்கிற காலம் அதுதான். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுக்காரர் அந்த இரண்டு மாதமும் வீட்டில் இருப்பார். “இந்த வயசில் எதுக்கு” என்று கேட்கிறவரிடம், இந்த வயசில் யூரின் போக விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை மகளை விட்டு அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வலை இழுத்துக் காய்ப்பேறின கை அது, மூன்று மாடிக்குக் குடம் தூக்கினால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

ஏப்ரலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. புண் ஆறவும் சுகர் இறங்கவும் அந்த அவகாசம் கச்சிதமாக இருக்கும். ஓபியில் டாக்டரிடம் “தடைக்காலத்தில் தேதி கிடைக்குமா” என்று கேளுங்கள். தியேட்டர் பட்டியல் அவர்கள் கையில், கேட்டபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தடைக்காலம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிட்னி வீக்கம் என்று ஸ்கேன் சொன்னாலோ, யூரின் அடியோடு நின்றாலோ இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே சேர வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தனியாரிடம் போவதாக இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில் அடங்குமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கோ, நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன ஸ்டான்லிக்கோதான் போவேன். இந்த ஆபரேஷனில் கை பழக்கம்தான் பெரிது.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும்போது உள்ளே நீளமான துணிச்சுருள் அடைத்திருக்கும், யூரினுக்கு டியூப் இருக்கும். துணியை மறுநாள் எடுப்பார்கள். எடுக்கும்போது ‘இவ்வளவு நீளமா’ என்று பயந்துவிடாதீர்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருங்கள், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். டியூபை ஓரிரு நாளில் எடுத்தபின் முதல் தடவை யூரின் போவதுதான் பரீட்சை. தையல் வீக்கத்தில் சிலருக்கு வராது, வந்தாலும் பாதி தேங்கும். அவசரப்பட்டு முக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி இருங்கள். வராவிட்டால் இன்னும் சில நாள் டியூப் போடுவார்கள். அது ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளம் இல்லை, பெரும்பாலோருக்கு வீக்கம் வடிந்ததும் சரியாகிவிடும்.

காலில் ரத்தம் உறையாமல் இருக்க, படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். மறுநாள் எழுப்பி நடக்கச் சொன்னால் நடந்துவிடுங்கள். பச்சை உடம்பு, எழுந்தால் தையல் விட்டுவிடும் என்று பக்கத்து பெட்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். வீட்டிலும் ஆறு வாரம் அப்படித்தான்.

வீடு. மூன்றாவது மாடி ஏறலாம், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. ஏறிவிட்டால் அடிக்கடி இறங்காதீர்கள். இந்தியன் டாய்லெட் என்றால் அதன்மேல் வைக்கிற கமோட் ஸ்டூல் மெடிக்கல் கடையில் கிடைக்கும், ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். குந்தி உட்கார்வதும் முக்குவதும் சேர்ந்தால் தையலுக்கு அதைவிட எதிரி கிடையாது. மலம் இளக மருந்து தருவார்கள். வலி மாத்திரை மலச்சிக்கலைத் தரும் என்பதால் அந்த இளக்கும் மருந்தை விடாமல் குடியுங்கள். கீரை, பழம், தண்ணீர் என்று பத்தியம் இல்லாமல் சாப்பிடுங்கள். மீனும் சாப்பிடலாம், சீழ் பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும், வியாபாரத்தில் மிஞ்சுகிற சங்கராவும் நெத்திலியும் உங்களுக்கு மருந்துதான். பத்தியம் என்று ரசம் சாதத்திலேயே வைத்திருக்கும் மாமியார்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

இருமலோ தும்மலோ வந்தால் அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து வாரம் பழுப்பாகக் கசிவு இருக்கும், நடுவில் நூல் துண்டு விழும். தையல் நூல் கரைந்து விழுவது அது, பதற வேண்டாம். தினமும் குளிக்கலாம். உள்ளே எதையும் வைத்துக் கழுவக் கூடாது, டெட்டால் கூடவே கூடாது.

தூக்குவது பற்றி எடை வைத்தே சொல்கிறேன். முதல் ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 15 கிலோ. பாதிக் குடமும் அதிகம்தான். பேரக்குழந்தையை யாராவது மடியில் கொண்டுவந்து வைத்தால் கொஞ்சலாம், குனிந்து தரையிலிருந்து தூக்கக் கூடாது. துணி பிழிவது, தரை துடைப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். முதல் ஓரிரு வாரம் ஒன்றும் செய்ய மாட்டீர்கள், வலி பார்த்துக்கொள்ளும். ஆபத்து நாலாவது வாரம். வலி போயிருக்கும், உடம்பு தெம்பாக இருக்கும், வீடு குப்பையாகக் கிடப்பது கண்ணை உறுத்தும். வெளியே தெரியாத தையல் அப்போது பாதிதான் ஆறியிருக்கும்.

ஆறாவது வாரம் டாக்டர் உள்ளே பார்த்துச் சரி என்றால் கடைக்குப் போய் உட்காரலாம், ஆனால் மணையில் குந்தி அல்ல, உயரமான ஸ்டூலில். வெட்டுகிற வேலையையும் மேஜை உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகும்வரை கூடையைத் தொட வேண்டாம். அதற்கப்புறமும், ஐஸோடு சேர்த்து இருபது முப்பது கிலோவைத் தலையில் ஏற்றும் வேலை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ‘கூடையே தூக்க முடியாது’ என்று பயமுறுத்தினவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் வியாபாரத்தை விட வேண்டியதில்லை. ரெண்டு பேராகச் சேர்ந்து ஏலம் எடுத்து, மீன்பாடி வண்டியிலோ ஷேர் ஆட்டோவிலோ இறக்குகிற ஏற்பாட்டை இப்போதே யாரோடாவது பேசி வையுங்கள். ஒரு நாளைக்கு அதற்கு ஆகும் காசு, இன்னொரு ஆபரேஷனுக்கு ஆகும் நாட்களோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

மறுபடி இறங்குமா என்று கேட்டீர்கள். இறங்கலாம். கர்ப்பப்பை இருக்காது, ஆனால் முன்சுவரோ பின்சுவரோ மேல் முனையோ தளரலாம். ஆபரேஷன் செய்தவர்களில் பத்தில் மூன்று பேர் வரை பின்னாளில் ஏதோ ஒரு அளவில் இறக்கம் வருகிறது, எல்லோருக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தொங்கிய மூத்திரப்பை நிமிர்ந்ததும், அதுவரை இல்லாமல் இருமினால் யூரின் கசிவது சிலருக்குப் புதிதாகத் தெரியவரும். அதற்கும் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு, டாக்டரிடம் சொன்னால் போதும்.

மகள் எழுதித் தருவதால் ஒன்றைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். வீட்டுக்காரரோடு சேர்ந்து இருப்பது. ஆறு வாரப் பரிசோதனை முடியும்வரை கூடாது, அதன்பின் தாராளமாக இருக்கலாம். உள்ளே ஒன்றும் ‘காலியாக’ இருக்காது, மேல் முனை மூடித் தைக்கப்பட்டிருக்கும். முதலில் வறட்சியும் பயமும் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் “கணவரோடு சேர்ந்து இருக்கிறீர்களா” என்று கேட்டால் வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மிக வயதானவர்களுக்கு வழியையே மூடித் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, எதைச் செய்வது, எவ்வளவு இறுக்கித் தைப்பது என்பதெல்லாம் உங்கள் பதிலை வைத்துத்தான்.

எழுதித் தரும் மகளுக்கும் ஒரு வார்த்தை. கைக்குழந்தை என்றால் உன் அடித்தசையும் இப்போது தளர்ந்துதான் இருக்கும் தாயி. காற்றை அடக்குவது போலப் பின்பக்கத்தையும், யூரினை அடக்குவது போல முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துப் பிடி. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. முடிந்த அளவு பிடித்துவிட்டு விடு, மெல்ல மெல்லப் பத்து எண்ணும்வரை கொண்டுபோ. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை, பால் கொடுக்கும்போதே செய்யலாம். யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதே. அம்மா படுத்திருக்கும்போது தண்ணீர் முழுதும் உன் தலையில் விழாமல் அப்பாவிடம் சொல்லிவிடு.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலும், நாற்றம் அடிக்கும் கசிவு வந்தாலும், யூரின் வராமல் வயிறு உப்பினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் போனால், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால், மூச்சு வாங்கினால், 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

திரும்பப் போவதற்குத் தயக்கம், திட்டுவார்களோ என்று. “ஏன் இவ்வளவு நாள் வரவில்லை” என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் கேட்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள், தொலைந்திருந்தால் புதுச்சீட்டு போட்டுக்கொள்ளலாம். சீட்டு போடும் இடத்தில் ஆண்கள் நிற்கிறார்கள் என்றால் ‘மகளிர் பிரிவு’ என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை உள்ளே டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். சுகர் மாத்திரைப் பையையும், முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட வேண்டாம், வருகிற திங்களோ செவ்வாயோ காலையில் சீக்கிரமாகவே போய்விடுங்கள்.